ஆள் வேண்டியிருந்தது பகலில் அல்ல, விடியற்காலையில்

அம்மாவுக்கு 81 வயது. திருச்சி பொன்மலைப்பட்டியில் தனியாகத்தான் இருந்தார். போன ஜூன் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆபரேஷன். நான் கோவையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். தகவல் வந்த அன்றே பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பத்து நாளைச் செலவழித்த விதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. முதல் ஏழு நாளும் ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலை விட்டு நகரவே இல்லை. அங்கே பார்த்துக்கொள்ள நர்ஸ்கள் இருந்தார்கள். என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் சாயங்காலம், "நாளைக்கு டிஸ்சார்ஜ், வீட்டுல எல்லாம் ரெடிதானே?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழ்வாக உட்காரக் கூடாது, குத்துக்கால் போடவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீட்டிலோ பழைய கயிற்றுக்கட்டிலும் இந்தியன் டாய்லெட்டும்தான். ராத்திரியோடு ராத்திரியாக வாடகைக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலும் கம்மோடு நாற்காலியும் பிடித்தோம். வாக்கர் மறுநாள் மதியம்தான் வந்தது.

வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஒரு ஏஜென்சியில் பணம் கட்டினேன். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆள் வந்துடும்மா" என்றார்கள். அந்த நாளை வர மூன்று நாள் ஆனது. அதற்குள் என் லீவும் தீர்ந்து, சம்பளமில்லாமல் இன்னும் மூன்று வாரம் நீட்ட வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்த அன்றே ஏஜென்சியைத் தேடத் தொடங்கியிருந்தால் ஐந்து நாள் கையில் இருந்திருக்கும். வருகிறவரை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தால், அம்மாவைப் புரட்டுவது, எழுப்பி உட்கார வைப்பது எல்லாவற்றையும் நர்ஸிடமே கற்றுக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் தேதி தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.

சரி, ஆள் வந்தார். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, நாளுக்கு 900 ரூபாய். ராத்திரி நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. நான்கு ராத்திரியில் ஓய்ந்து போனேன்.

ஐந்தாம் நாள் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, அம்மாவின் ஒரு நாளை மணிவாரியாக எழுதினேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போன காலத்துப் பழக்கம், அம்மாவுக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். உடனே கம்மோடில் உட்கார வைக்க வேண்டும். ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதற்கப்புறம் அரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் காபி ஆறேகாலுக்கு. ஏழு மணிக்கு உடம்பு துடைத்து நைட்டி மாற்ற வேண்டும். பதினொன்றிலிருந்து நான்கு வரை பெரும்பாலும் தூக்கம்தான். ராத்திரியோ இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். நடுவில் இரண்டு மூன்று தடவை யூரின்.

நோட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. நான் சம்பளம் கொடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி அம்மா தூங்குகிற நேரம். இரண்டு பேர் பலம் தேவைப்பட்ட வேளையில் வீட்டில் நான் ஒருத்திதான். அன்றே ஏஜென்சிக்குப் பேசி நைட் ஷிப்ட்டுக்கு மாற்றினேன். புதிதாக வந்த அக்காவுக்கு மணப்பாறைப் பக்கம். முதல் நாளே, "பாட்டிம்மா, ராத்திரி என்னை எழுப்ப யோசிக்கவே கூடாது, அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார். அம்மா அதுவரை என்னை எழுப்பக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாத்திரை நேரத்தையும் அந்த நோட்டுதான் சரிசெய்தது. காலை டிபனோடு கால்சியம் மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பையன் பதினொரு மணிக்கு வருவார். அந்நேரம் அம்மா சோர்ந்திருப்பார், காலைத் தொட்டாலே அழுவார். எட்டே முக்காலுக்கு வலி மாத்திரை, ஒன்பதரைக்குப் பயிற்சி என்று மாற்றிக் கேட்டோம். அந்த வாரமே வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைத்தார்.

தம்பி தூரத்தில் இருக்கிறான், அவனால் என்ன முடியும் என்றுதான் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் முடிகிற வேலை அத்தனையும் அவனிடம் கொடுத்தேன். மஸ்கட் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு ராத்திரி பத்தரை, எனக்குக் கண் சொருகும், அவனுக்கு ஒன்பது மணிதான். அந்நேரத்தில் மருந்து ஆர்டர் போடுவான், ஏஜென்சிக் கணக்கு முடிப்பான், மறுநாள் யார் யார் வருகிறார்கள் என்று எழுதி அனுப்புவான். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் அலைய வேண்டிய வேலை முன்பே இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் நான்கு மணிக்கு மேல் வரச் சொன்னேன். பெரியத்தைக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சிரமம் அதிகம் வந்தது ஆள் மாறுகிற வேளையில். காலை எட்டு மணிக்கு நைட் அக்கா கிளம்பும் அவசரத்தில் ஒரு நாள் பிரஷர் மாத்திரை கொடுத்ததைச் சொல்லாமல் போய்விட்டார். நான் இரண்டாவது கொடுக்க எடுத்துவிட்டேன். அம்மாவே "பாப்பா, அது போட்டாச்சே" என்றார். அன்றிலிருந்து எட்டேகால் வரை இருக்கச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தோம். நோட்டில் டிக் போட்டு, நான் படித்துப் பார்த்தபிறகுதான் கிளம்புவார்.

அக்டோபரில் ஒரு வேலை சுலபமாக முடிந்தது. அப்பாவின் ரயில்வே குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியதாரர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போனிலேயே முகத்தைக் காட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா முடித்தார். முன்பெல்லாம் பேங்க் வாசலில் அரை நாள் போகும்.

இப்போது அம்மா வாக்கரோடு வாசல்வரை போய் வருகிறார். நான் கோவை திரும்பிவிட்டேன், சனி ஞாயிறு வருகிறேன். பகலில் மூன்று மணி நேரம் தெருக்கோடியிலிருந்து ஒரு அம்மா வந்து சமைத்துக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நைட் அக்கா தொடர்கிறார். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும் என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டார். நானும் அந்த நான்கு நாளுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.