கிழவியின் உதட்டில் ஓர் இழை

மதியம் கரண்ட் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' மறுபதிப்பைப் பிரித்தேன். 1950களில் இசி காமிக்ஸ் வெளியிட்ட அமெரிக்கப் பேய்க் கதைகள்.

கதை சொல்லும் சூனியக்காரக் கிழவி வாயைத் திறக்கிறாள். இரண்டு உதடுகளுக்கும் நடுவே எச்சில் இழைகள். மயிரிழை அளவு கோடுகள்.

அதையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரைந்தவர் கிரஹாம் இங்கெல்ஸ். 'கோரம்' என்று பொருள்படும் 'கேஸ்ட்லி'தான் அவர் போட்ட கையெழுத்து.

இந்தக் காமிக்ஸில் எழுத்தை முதலில் எழுதிவிடுவார்கள். மிச்ச இடம்தான் ஓவியருக்கு. சில கட்டங்களில் பாதி வசனமே அடைத்துக்கொள்ளும். அந்த இடுக்கிலும் முறுக்கிய விரல்கள், தொங்கும் சதை, சுவரில் ஊறும் ஈரம் எல்லாம் வந்துவிடுகிறது!

அப்போது விலை 10 சென்ட். படித்துவிட்டுத் தூக்கிப்போடுவார்கள் என்று தெரிந்தும் அந்த எச்சில் இழைக்கு இவ்வளவு பொறுமை.

1954ல் வந்த தணிக்கை விதிகள், காமிக்ஸ் தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களையே தடுத்தன. அந்த வருடமே இந்த இதழும் நின்றது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கரண்ட் வந்துவிட்டது. லைட் போடவில்லை. இன்னும் ஒரு கதை பாக்கி இருக்கிறது.