முழங்கால் நேர்ச்சை

ஆறு வருஷக் கடன் இது. 2019-இல் இவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஐசியூவில் கிடந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "தாயே, இவரைத் திருப்பிக் கொடு, வேளாங்கண்ணி மாதா குளத்துக்கு முட்டி போட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். திருப்பிக் கொடுத்தாள். மறு வருஷம் கொரோனா, திருவிழாவுக்கு யாத்ரிகர் யாரும் வரக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவருக்கு மாத்திரை, எனக்கு மூட்டுவலி என்று ஆளுக்கொரு சாக்கு. கேட்டதற்கு மேலேயே நாலு வருஷம் கூட இருந்துவிட்டு, 2023 தவக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நேர்ச்சை மட்டும் அப்படியே நின்றது.

எனக்கு இப்போது 69. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, தரையில் உட்காரவே கூடாது என்கிறார் டாக்டர். பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "அம்மா, சொந்த நேர்ச்சையை அதற்குச் சமமான வேறு நல்ல காரியமாக மாற்றிக்கொள்ளலாம், திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடன் வாங்கும்போது முட்டி என்று சொல்லி வாங்கிவிட்டு, அடைக்கும்போது வேறு எதையாவது நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

போன செப்டம்பர் 6-ஆம் தேதி நாத்தனாரோடு திருச்சியில் பஸ் ஏறினேன். அவளுக்கு என்னைவிட ஆறு வயசு குறைவு, அதிகாரம் பத்து வயசு கூட. தஞ்சாவூர் தாண்டியதும் சாலை நெடுக காவி உடுத்திய கூட்டம். தள்ளுவண்டியில் மாதா சுரூபம், சீரியல் விளக்கு, "மரியே வாழ்க" கோஷம். என் பேத்தி வயசுப் பெண்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு நடக்க, நான் ஜன்னல் ஓரத்தில் முறுக்கு தின்றபடி போனேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வேளாங்கண்ணியில் இறங்கியதும் லாட்ஜ் புரோக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். "பாட்டி, கடல் பக்கம் ரூம், கடைசி ரூம்" என்று நாலு பேர் நாலு பக்கம் பையை இழுக்கிறார்கள். நடக்கிற தூரத்துக்கு ஆட்டோக்காரர் 200 கேட்டார். காணிக்கைத் தகடு விற்கிற பையன் என் நடையைப் பார்த்ததுமே ஒரு கால் உருவத்தை எடுத்து நீட்டினான். "முட்டி மட்டும் தனியா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "முழுக்காலா வாங்கினா முட்டியும் அதுக்குள்ளயே இருக்கு பாட்டி" என்றான். அந்தப் பதிலுக்காகவே வாங்கினேன்.

மறுநாள் காலை நாலு மணிக்கே பேராலயத்தில் வரிசை. இரண்டு மணி நேரம் நின்றதற்குத் தாயின் முன்னால் பத்து விநாடி கிடைத்திருந்தால் அதிகம். பட்டுச் சேலையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். ஆறு வருஷமாக மனசில் அடுக்கி வைத்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வந்துட்டேன்" என்றேன். அவ்வளவுதான். "நகருங்கம்மா, நகருங்க" என்று தன்னார்வலர் பையன் தோளைத் தொட்டுத் தள்ளினான். அவன்மேல் கோபம் வந்தது உண்மை. நாள் முழுக்க நிற்கிற பிள்ளை, அதுவும் பாவம்.

அப்புறம் மணற்பாதை. மாதா காட்சி கொடுத்த கதையில், பால்கொண்டு போன பையன் அசந்து தூங்கிய குளத்தங்கரைக்குப் போகிற வழி. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்று நாத்தனார் அவசரப்படுத்தினாள். எனக்கு முன்னால் துண்டை விரித்தாள். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு முட்டி போட்டேன். ஒரு 'அருள் நிறை மரியே' ஜெபம், ஒரு நகர்வு. இரண்டு. மூன்று. துண்டுக்கு மேலேயே மணல் வந்து ஒவ்வொரு பொடியும் ஊசியாகக் குத்தியது. ஆறாவதில் வலது முட்டிக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது, நாத்தனாருக்கும் கேட்டிருக்கிறது. எழுந்திருக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. காவி வேட்டிப் பையன்கள் இரண்டு பேர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, ஓரத்துத் திட்டில் உட்கார வைத்தார்கள்.

அழுதேன். வலியில் இல்லை. அதே ஊரில் மோர் விற்ற பையனின் ஊனக் காலையே நிமிர்த்தி ஓடவைத்தவளுக்கு என் ஒரு முட்டியை ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கத் தோன்றவில்லையே என்ற ஆற்றாமை. "அண்ணி, உங்க முட்டியோட லட்சணம் மாதாவுக்குத் தெரியாதா? பேசாம உட்காருங்க, மீதியை நான் முடிச்சிட்டு வர்றேன்" என்று நாத்தனார் என் இடத்தில் முட்டி போட்டுப் போய்விட்டாள்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். இவர் போனபிறகு வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் போனில் "நீங்க ஓய்வெடுங்கம்மா" என்பார்கள். மரியாயின் சேனை என்ற பக்திசபைக் கூட்டத்துக்குப் போவதையும், நோயாளிகளைப் பார்க்கப் போவதையும் நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனி நமக்கு என்ன வேலை என்ற நினைப்புதான்.

"பாட்டி, இவனைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா?" நிமிர்ந்து பார்த்தால் ஒரு சின்னப் பெண். கூட யாரும் இல்லை. இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை, இப்போதுதான் மொட்டை போட்ட தலை, சந்தனம் காயவில்லை. நான் பதில் சொல்லுமுன் பிள்ளை என் மடியில். அவள் மணலில் இறங்கிவிட்டாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

முன்பின் தெரியாத கிழவியிடம் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று ஊரிலானால் நானே அவளைத் திட்டியிருப்பேன். பிள்ளையோ அழவில்லை. என் ஜெபமாலைச் சிலுவையை வாயில் வைத்துச் சப்பினான். சந்தனமும் எச்சிலுமாக என் சேலை நனைந்தது. சிலுவை அவன் வாயில் இருக்க, மணிகளை மட்டும் நான் உருட்டினேன். முட்டி போட்டுக் கடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மணி. பச்சைச் சட்டைக்காரருக்கு ஒன்று. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போன அம்மாவுக்கு ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டே போன கல்லூரிப் பையனுக்கு இரண்டு.

லூக்கா நற்செய்தியில் வருகிற அன்னா நினைவுக்கு வந்தாள். ஏழே வருஷம் புருஷனோடு வாழ்ந்து, 84 வயசு வரை கைம்பெண்ணாகக் கோயிலே கதி என்று கிடந்தவள். வருஷா வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி பூசையில் அந்த வாசகத்தைக் கேட்கும்போது, பாவம், போக்கிடம் இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறேன். அம்மா மரியாள் பிள்ளை இயேசுவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் வந்த அந்த நேரத்தில், அங்கே இருக்க அவள் இருந்தாள். மடியில் கனம் அழுத்த, இதை நினைத்ததும் மறுபடி அழுகை வந்தது. இந்த அழுகை வேறு.

என் மடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒருவர் பையை வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் செருப்பு. நாத்தனார் திரும்பி வரும்போது மூன்று பை, நாலு ஜோடிச் செருப்பு, ஒரு போன் எல்லாம் என் பொறுப்பில். "நேர்ச்சைக்கு வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?" என்றாள். அவள் முட்டி இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. எனக்காகப் போட்ட முட்டி. நன்றி சொன்னால் திட்டுவாள் என்று சும்மா இருந்தேன்.

பிள்ளையின் அம்மா வர ஒன்றரை மணி நேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, "உங்க பேர் என்ன பாட்டி? குளத்துக் கோயில்ல உங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். பேர் தெரியல. பிள்ளைய வெச்சிருக்கிற பாட்டின்னு மாதாகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

பேரைச் சொன்னேன். தகட்டுக் காலைக் காணிக்கைப் பெட்டியில் போட்டோம். சாயந்திரம் பெரிய தேர்ப்பவனியைத் தூரத்தில் நின்றே பார்த்தோம். நெரிசலில் எதிரே இருந்தவர்களின் தலைகளும் தேரின் விளக்குகளும்தான் தெரிந்தன. அதுவே போதும், தாயே, அதுவே மனசு கொள்ளாது.

அடுத்த வருஷம் ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துவர வேண்டும். அந்தத் திட்டு முதுகை உடைக்கிறது.