நந்தி முழுகுவதற்குள்

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைகிறது என்று செய்தி வந்தால் டெல்டா விவசாயிக்கு வயிறு கலங்கும். என்னைப் போன்றவர்கள் கேமரா பையைத் தேடுவோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தத் தொழில் அப்படி. 1934-ல் அணை கட்டி முடித்தபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சம், பண்ணவாடிப் பக்கம் அப்போதுதான் தலைகாட்டும். நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்க இறங்க, முதலில் பழைய தேவாலயத்தின் கோபுரம், அப்புறம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி. நல்ல மழை வருஷங்களில் இரண்டையும் பார்க்க முடியாது.

பத்திரிகைக்குப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். அலுவலகத்துக்குக் கலர் போகும். இரண்டாவது கேமராவில் 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் இருக்கும். அது என் கணக்கு. அரிதாக நடந்து சீக்கிரம் மறைகிற உள்ளூர்ச் சங்கதிகளை அதில்தான் எடுத்துவைக்கிறேன். இதைக் கேட்டதும், "பழைய படம் மாதிரி அழகா இருக்குமே" என்பார்கள். எனக்கு அதில்தான் சண்டையே.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் அணையில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை 30-ல் முழுக் கொள்ளளவான 120 அடி. ஒரே மாதத்துக்குள் நந்தி, கோபுரம், சுற்றி வெடித்துக் கிடந்த வண்டல் நிலம் எல்லாம் உள்ளே போயாயிற்று. தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு அங்கே நின்றுகொண்டு ஃபில்டரை மாற்றலாமா, லென்ஸை மாற்றலாமா என்று யோசிக்க முடியாது. "இன்னைக்கே எடுத்துக்கோங்க சார், அடுத்த வாரம் காது மட்டும்தான் தெரியும்" என்றார் பரிசல்காரர். "காது தெரியற படமும் வேணும்ண்ணே" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்குத் தண்ணீர் வந்தால்தான் மீன்.

நந்தியை உச்சிவெயிலில் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கறுப்பு வெள்ளையில் சேறும் சாம்பல், நந்தியும் சாம்பல், வானம் வெறும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. காலை ஏழு மணிக்குள் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது போனால், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியபோது உடம்பில் விட்டுப்போன கோடுகள் தனித்தனியாக எழும்பி நிற்கும். கோடுகளுக்கு இடையே உலர்ந்த வண்டல், ஒட்டிக் காய்ந்த பாசி. லென்ஸ் முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் நீல வானம் கொஞ்சம் இருண்டு கொம்பு பிரிந்து தெரியும். சிவப்பு போட்டால் இன்னும் அழுத்தமாக வரும்தான், ஆனால் புராணப் படம் மாதிரி வானம் மிரட்டும். எனக்கு அது வேண்டாம்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. இப்படி அழகாக எடுத்த நந்திப் படத்தை யாரிடமாவது காட்டி எந்த வருஷம் என்று கேளுங்கள். 1960 என்றாலும் நம்புவார்கள், 2024 என்றாலும் நம்புவார்கள். எப்போதாவது நடக்கிற ஒன்றைப் படம் எடுப்பதன் பயனே போன தடவையையும் இந்தத் தடவையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். கறுப்பு வெள்ளை அந்த வருஷத்தைத் தின்றுவிடும். அதனால் நந்திக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் பையன்களை "கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று நான் சொல்வதில்லை. அவர்கள் கையில் இருக்கும் போன்தான் படத்தின் தேதி. அணை வற்றிய நிலத்தில் யாரோ விதைத்த பயிர், வண்டி வந்த டயர் தடம், காலி தண்ணீர் பாட்டில் எல்லாம் ஃபிரேமில் இருக்கட்டும். கூட வரும் நண்பர்கள் பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு எடுக்கச் சொல்வார்கள். படம் எடுத்த பிறகு குப்பையைப் பொறுக்கலாம், தப்பில்லை.

கும்பகோணம் மகாமகத்தில் இது இன்னும் கஷ்டம். 12 ஆண்டுக்கு ஒரு தடவை. 1992, 2004, 2016. குளம் அதே குளம், சுற்றி அதே 16 மண்டபங்கள், ஈர வேட்டியும் ஈரப் புடவையும் அப்படியே. மாடியில் ஏறி நின்று கூட்டத்தை எடுத்தால் மூன்று ஆண்டுகளின் படங்களையும் சீட்டு மாதிரி கலைத்துப்போடலாம், யாராலும் அடுக்க முடியாது. கீழே இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். 2016 பிப்ரவரி 22 அன்று தீர்த்தவாரியின்போது பல பேர் ஒரு கையால் மூக்கைப் பிடித்து முங்கினார்கள். மற்றக் கை பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கை போதும், வருஷத்தைச் சொல்லிவிடும்.

நிலா நடுவை மறைத்துச் சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரிகிற கங்கண சூரிய கிரகணம் வேறு விதம். 2010 ஜனவரி 15-ல் தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகப் போனதில் மூன்று நிமிடந்தான். சூரியனைப் படம் எடுப்பது தனிக் கலை, அதற்குரிய ஃபில்டர் இல்லாமல் கேமராவையும் கண்ணையும் அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. நான் வேப்பமரத்தடியில் தரையைப் பார்த்து நிற்கிற கட்சி. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, மண்ணெல்லாம் சின்னச் சின்ன ஒளி வளையங்கள். கலரில் பழுப்பு மண், காய்ந்த சருகு, ஏதோ மிட்டாய்க் காகிதம் என்று கண் அலையும். கறுப்பு வெள்ளையில் வளையங்கள் மட்டும்தான் மிஞ்சும். ஒன்று மட்டும் கவனம் வேண்டும்: வெளிச்சம் மூன்று, நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இறங்கியிருக்கும், கண் பழகிவிடுவதால் அவ்வளவு தெரியாது. வெளிச்சம் அளக்கும் மீட்டரை நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

குறிஞ்சிக்கு மட்டும் நான் கலர்தான். 2018-ல் கொடைக்கானல் பக்கம் பூத்தபோது கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால், நீலப் பூவும் பச்சை இலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல். மலை முழுக்கப் பூத்திருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். நீல ஃபில்டர் போட்டால் பூ வெளுத்து இலை கறுக்கும், சரி; ஆனால் தூரத்து மூட்டமும் சேர்ந்து வெளுத்துப் பின்னால் இருக்கும் மலையைக் காணாமல் அடித்துவிடும். நிறமே நிகழ்வாக இருக்கும் இடத்தில் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பூத்து முடிந்து விதை விட்டதும் செடி அப்படியே காய்ந்து சாகும். சரிவு முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். அதை எடுக்க ஒருத்தரும் வருவதில்லை; 12 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிற விஷயத்தில் அதுவும் பாதி. அங்கே கறுப்பு வெள்ளை ரோல் தாராளமாகப் போகும்.

படத்துக்குள் என்ன வைத்தாலும், எழுதிவைப்பதற்கு ஈடாகாது. நெகட்டிவ் உறை மேல் பென்சிலால் தேதி, ஊர், நின்ற இடம், பார்த்த திசை. மேட்டூர் என்றால் அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி. கிரகணம் என்றால் மணி. அந்த அடிக்கணக்கு இல்லாத நந்திப் படம் எனக்கு அரைப் படம்தான். இப்போது எடுக்கும் பிள்ளைகள் டிஜிட்டலில் கலராக எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுகிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஃபிலிம் விற்கும் விலைக்கு அதுதான் புத்திசாலித்தனம். கோப்பிலேயே தேதியும் நேரமும் பதிவாகிவிடுகிறது என்கிறார்கள். ஆகிறது, வாட்ஸாப்பில் அனுப்பிய மறுநிமிடம் காணாமலும் போகிறது. 2028-ல் மகாமகம், 2030-ல் குறிஞ்சி, 2031 மே 21-ல் தென் தமிழ்நாட்டில் மறுபடி கங்கண கிரகணம். இந்த மூன்றுக்கும் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளட்டும். பேனா மை ஈரத்தில் பரவும், மகாமகக் குளத்தில் கேட்கவே வேண்டாம்.