குணம் மாறினாலும் நரம்பு டாக்டரைப் பாருங்க

காவேரிப்பட்டணத்துல எங்க பெரியப்பா மாங்கா மண்டியில கணக்கு பாத்தவரு, ஒரு பைசா பிசகாது. 55 தாண்டினதும் ஆளே மாறிட்டாரு, எழவு வீட்ல சத்தமா சிரிக்கிறது, பெரியம்மா காய்ச்சல்ல கெடந்தா என்னன்னு கூட கேக்காம இருக்கிறது, டப்பா டப்பாவா மைசூர்பாக்கு திங்கிறது. ஊரே திமிருன்னுச்சு, சிலபேரு செய்வினைன்னாங்க. அப்புறம் சட்டை பட்டன் போட வெரல் வரல, நடக்கிறப்போ வலது கால் செருப்பு தானா கழண்டுக்கும், தோள்ல சதை புழு நெளியற மாதிரி துடிக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கிற மூளை நரம்பு ஆஸ்பத்திரியில தான், குணம் மாறினதும் கை கால் பலம் கொறஞ்சதும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டதுன்னு சொன்னாங்க.

இதுல ரெண்டு நோய் இருக்கு. ஏஎல்எஸ்ங்கிற நோய்ல கை கால அசைக்கிற நரம்பு செல்லு சாகுது, குணத்த மாத்துற ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாங்கிற நோய்ல மூளையோட முன்பக்கமும் பக்கவாட்டும் சுருங்குது. ஏஎல்எஸ் வந்தவங்க பெரும்பாலானவங்களுக்கும் இந்த டிமென்ஷியா வந்தவங்க பாதிப் பேருக்கும் டிடிபி-43ங்கிற அதே புரோட்டீன் தான் செல்லுக்குள்ள கட்டியா சேருது, 2006ல கண்டுபிடிச்சாங்க. 2011ல ரெண்டு நோயையும் வர வைக்கிற சி9ஓஆர்எஃப்72ங்கிற ஜீன் கோளாறையும் கண்டுபிடிச்சாங்க. அது இருக்கிற குடும்பத்துல ஒருத்தருக்கு ஏஎல்எஸ் வரும், இன்னொருத்தருக்கு இந்த டிமென்ஷியா, சிலருக்கு ரெண்டும். ஏஎல்எஸ் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு யோசனையிலயோ குணத்துலயோ ஏதாவது மாற்றம் இருக்கும்.

இந்த டிமென்ஷியாவோட ஆரம்பத்துல ஞாபகம் நல்லாவே இருக்கும்ங்க, அதனாலயே டிமென்ஷியான்னு யாருக்கும் தோணாது. குணம் மாறினவங்களுக்கு பேச்சு குழறுதா, தண்ணி குடிச்சா பொரை ஏறுதா, ஒரு கை மட்டும் பலம் கொறையுதா, பாருங்க. டாக்டர்கிட்ட வீட்டு ஆளுங்க கூடப் போய் நடந்தத சொல்லணும், ஏன்னா தான் மாறிட்டது பலபேருக்கு அவங்களுக்கே தெரியாது. எங்க பெரியப்பா கடைசி வரைக்கும் "எனக்கு ஒண்ணுமில்லடா"ன்னு தான் சொன்னாரு.