வெள்ளை ஈக்கு மரபணு மார்க்கர் உருவாக்குவது: வயலிலிருந்து பீக் வரை

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளியிலும் தர்மபுரி மரவள்ளியிலும் அடையும் வெள்ளை ஈ பார்வைக்கு ஒன்றுதான். பெமிசியா டபாசி என்ற அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த ‘பி’ வகை 1999-லேயே பக்கத்துக் கோலாரில் தெரியவந்தது. இனத்தைப் பிரிக்காமல் மார்க்கர் (பூச்சிகளை வேறுபடுத்திக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) வேலையில் இறங்கினால் பின்னால் எல்லாக் கணக்கும் குழம்பும்.

காலையில், வெயில் ஏறுமுன், இலைக்கு அடியில் ஆஸ்பிரேட்டரால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். ஒரு செடிக்கு ஒரு பூச்சி போதும். ஒரே இலையில் பத்து பிடித்தால் அத்தனையும் ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். கடை ஸ்பிரிட் வேண்டாம். குழாயின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதியது எத்தனால் பட்டால் அழிந்துவிடும். பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டை உள்ளேயே போட்டுவிடுவது உத்தமம்.

ஒரு மில்லிமீட்டர் பூச்சிக்கு டிஎன்ஏ பிரிக்கும் கிட் தேவையில்லை. எத்தனாலை டிஷ்யூவில் ஒற்றி நன்றாக உலர்த்தி (ஈரம் மிஞ்சினால் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் படுத்துக்கொள்ளும்), 20 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ்-கே சேர்த்து நசுக்கி, 65 டிகிரியில் ஒரு மணி நேரம், 95-இல் 10 நிமிடம். மேல் தெளிவில் 1–2 மைக்ரோலிட்டர் ஒரு பிசிஆருக்குப் போதும்.

இனத்தைப் பிரிக்க முதலில் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணு. வரிசையில் 3.5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் தனி இனமாக எடுப்பது வழக்கம். நடுவில் ஸ்டாப் கோடான் (புரதம் முடியும் குறி) வந்தால் அது உட்கருவில் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதியாக இருக்கும், தூக்கிவிடுங்கள். சிஓஐ தாய்வழியை மட்டும்தான் சொல்லும். ஓசூர்க் கூட்டமும் பென்னாகரக் கூட்டமும் கலக்கின்றனவா என்று பார்க்க மைக்ரோசாட்டிலைட்தான், அதாவது சிறு டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும் ரிப்பீட் பகுதி.

குறைந்த ஆழச் சீக்வென்சிங் தரவிலிருந்து மும்மடி (மூன்று பேஸ் அலகு) ரிப்பீட்களைத் தேர்ந்தெடுங்கள். இருமடி ரிப்பீட்டில் பீக்குக்கு (துண்டின் அளவைக் காட்டும் வரைபட முகடு) பக்கத்தில் பொய் பீக்குகள் வரிசைகட்டும். போர்ட்டியேரா, வோல்பாக்கியா போன்ற உடனுறை பாக்டீரியாக்களின் வரிசைகளைப் பிளாஸ்ட் செய்து (தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு) கழித்துவிட வேண்டும். பிசிஆரில் கிடைக்கும் பிராடக்ட் 100–300 பேஸ், பிசிஆரைத் தொடங்கிவைக்கும் பிரைமரின் டிஎம் (உருகு வெப்பநிலை) 58–60 டிகிரி. முன் பிரைமரில் எம்-13 வால் வைத்தால் சாயம் பூசிய ஒரே பிரைமர் எல்லா லோகஸுக்கும் (மார்க்கர் இடத்துக்கும்) உதவும், செலவு வெகுவாகக் குறையும். அளவில் 18 பேஸ் கூடிவரும்.

பலரும் கோட்டை விடுவது ஆண்பூச்சியில். வெள்ளை ஈயில் ஆண் கருவுறாத முட்டையிலிருந்து வருவது. குரோமோசோம் ஒரே தொகுப்பு. அதைக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் ஹோமோசைகஸாக (இரு பிரதியும் ஒன்றாக) தெரியும், பிசிஆரில் பெருகாத ‘நல்’ (null) அல்லீல் இருக்கிறது என்று மார்க்கரை வீணாகத் தள்ளிவிடுவோம். கணக்கெடுப்புக்குப் பெண் மட்டும். ஆனால் ஆணைத் தூக்கி எறியாதீர்கள், அதைவிட நல்ல சோதனைப் பூச்சி கிடையாது. ஆணில் இரண்டு பீக் வந்தால் அந்த லோகஸ் இரட்டிப்பானது, அல்லது குழாயில் வேறு டிஎன்ஏ கலந்திருக்கிறது. பெண்ணை மட்டும் எடுத்தும் ஹார்டி-வைன்பெர்க் (தடையின்றிக் கலக்கும் கூட்டத்தில் எதிர்பார்க்கும் மரபணு விகிதம்) பல லோகஸில் ஒருசேர உதைத்தால், பிரைமரை மாற்றும் முன் சிஓஐ முடிவைத் திரும்பப் பாருங்கள். இரண்டு இனங்கள் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.