முதல் சுற்று வேலை செய்ய வேண்டும்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ரேடியோ, டிவி திருத்தும் கடைகளில் வேலை பழக வந்து நிற்கும் பிள்ளைகள் அருகிவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போன் போதும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது சுலபம். ஆனால் திருத்த வரும் சாமான்களைப் பார்த்தாலே வேறு காரணம் தெரியும்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால் அலையைப் பிடிக்கும் ஃபெரைட் கம்பி, ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டென்சர், பிடித்த ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் 455 கிலோஹேர்ட்ஸ் ஐ.எஃப். டப்பாக்கள் எல்லாம் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். சிலவற்றில் மூடிக்கு உள்ளேயே சுற்றுப்படம் ஒட்டியிருக்கும். காய்ந்துபோன ஒரு கண்டென்சரை மாற்றினால் பாட்டுக் கேட்கும். இன்றைய போர்டில் 1 மில்லிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் அகலமுமான ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. சுற்றுப்படம் கிடைப்பதில்லை. திருத்துபவர்களான நாங்களே பல நேரம் முழு போர்டையும் மாற்றித்தான் கொடுக்கிறோம். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?

தேவை வந்தபோது ஆர்வமும் வந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், ரவுட்டரை பற்றரியில் ஓட்டுவது எப்படி என்று இளைஞர்கள் தேடித்தேடிக் கேட்டார்கள். 12 வோல்ட் ஈய பற்றரியை 12 வோல்ட் அடாப்டரிலேயே நேராக மாட்டியவர்களின் பற்றரி சீக்கிரமே செத்தது. பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆக 13.8 வோல்ட்டளவு வேண்டும். அதற்குக் குறைந்தால் அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்பேட் இறுகிவிடும். இதைச் சொல்ல ஆள் இல்லாமல்தான் பலர் கைவிட்டார்கள்.

பிள்ளை செய்யும் முதல் சுற்று (சர்க்கிட்) தோற்றால் இரண்டாவதை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே முதல் சுற்று வீட்டுக்கு உதவுவதாகவும், அன்று மாலையே வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும். மலைநாட்டுக்குப் பொருத்தமானது தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் சத்தமிடும் கருவி. வீடியோக்களில் சிறு கரண்டைப் பெருக்கும் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரும் இரண்டு கம்பியும் போதும் என்பார்கள். உப்புள்ள கிணற்று நீருக்கு அது சரி. பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீரில் உப்புக் குறைவு, கரண்ட் கடத்துவதும் குறைவு. பஸர் முனகும், அல்லது பேசாமல் இருக்கும். பிள்ளையோ தனக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடும்.

இரண்டு பி.சி.547 போடுங்கள்; ஒன்று பெருக்கியதை மற்றது மேலும் பெருக்கும். கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பவை அதன் மூன்று கால்கள். முதலாவதின் எமிட்டர் இரண்டாவதின் பேஸுக்குப் போகட்டும். இரண்டு கலெக்டரும் சேர்ந்து 5 வோல்ட் பஸரின் மைனஸுக்கு, பஸரின் பிளஸ் பற்றரிக்கு. இரண்டாவதின் எமிட்டர் பற்றரி மைனஸுக்கு. தாங்கிக்குள் ஒரு கம்பி பற்றரி பிளஸிலிருந்து, மற்றது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக முதல் பேஸுக்கு. அந்த 10 கிலோ ஓம் இல்லாவிட்டால் இரு கம்பியும் முட்டிய கணமே டிரான்சிஸ்டர் எரியும். முதல் பேஸுக்கும் மைனஸுக்கும் இடையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். நுவரெலியாப் பனிமூட்டத்தில் போர்டே ஈரம் குடிக்கும். அந்தச் சிறு கசிவை இந்த ரெசிஸ்டர் தின்றுவிடாவிட்டால் தாங்கி வெறுமையாக இருக்கும்போதே பஸர் கத்தும். அதே இரு முனைகளுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபரட் கண்டென்சர் ஒன்று வைத்தால் நீண்ட வயர் இழுத்துவரும் வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். ஏப்ரல், ஒக்டோபர் இடி மழைக் காலத்தில் மேட்டிலிருக்கும் தாங்கிக்குப் போகும் வயரைக் கழற்றி வைப்பது நல்லது.

பற்றரிக்கு மூன்று பென்டோர்ச் செல் போதும். போன் சார்ஜரைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். செம்புக் கம்பியை நீரில் விட்டால் சீக்கிரம் பச்சை பூத்து அரித்துப்போகும். எவர்சில்வர் கரண்டிக் காம்பு நிலைக்கும். அதில் சாதாரண பற்றவைப்பு ஈயம் (சோல்டர்) ஒட்டாது. துளையிட்டு ஆணியும் நட்டும் போட்டு வயரை இறுக்க வேண்டும்.

ஈயம் வைப்பதில்தான் அதிகம் கெடுகிறது. 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, ஈயம் 40), 25 வாட் சோல்டரிங் அயன். சாமானின் காலையும் போர்டின் செப்புத் தடத்தையும் ஒன்றாக இரண்டு மூன்று விநாடி சூடாக்கிவிட்டு ஈயத்தை அந்தச் சூட்டில் வைக்க வேண்டும். அயன் நுனியில் உருக்கித் தடவினால் உருண்டையாக நிற்கும், உள்ளே பிடிப்பு இருக்காது.

ஒரு பி.சி.547 வாங்கக் கண்டிக்கோ, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ போய்வர வேண்டியிருந்தால் பஸ் காசே சாமான் விலையைவிடப் பல மடங்கு. ஆகவே கடை வைத்திருப்பவர்கள் இந்தச் சாமான்களைச் சிறு பொதிகளாகக் கட்டிவைக்க வேண்டும் என்று கேட்கிறோம். வீசும் போர்டுகளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதிலிருந்து கழற்றும் சி945 டிரான்சிஸ்டரின் கால் வரிசை வேறு என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தட்டையான முகத்தைப் பார்த்தால் பி.சி.547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி945இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். பவர் போர்டாக இருந்தால் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஒரு ரெசிஸ்டரால் அதை இறக்கி, மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே பிள்ளையின் கையில் கொடுங்கள்.