சார்ஜரைச் செருகினால் தடுமாறும் டச்பேட்

புதிதாக வாங்கிய லேப்டாப்பில் எனக்கு முதல் வாரத்திலேயே எரிச்சலூட்டியது அதன் டச்பேட்தான். பக்கத்தை நகர்த்துவதற்காக இரண்டு விரல்களை வைத்து இழுத்தால் எழுத்துகள் திடீரெனப் பெரிதாகிவிடும். திறந்திருக்கும் விண்டோக்களையெல்லாம் ஒருசேரப் பார்க்க மூன்று விரல்களை மேல்நோக்கித் தள்ளினால், சில வேளை ஒன்றுமே நடக்காது, சில வேளை பக்கம் மட்டும் நகரும். எக்செல் கோப்பில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுப்பதற்குள் கர்சர் வேறெங்கோ குதித்துவிடுவதால், மாதக் கடைசிக் கணக்கைப் பழைய மவுஸைத் தேடியெடுத்துத்தான் முடித்தேன்.

சர்வீஸ் சென்டரில், "டிரைவர் பிரச்சினைதான் சார், விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். டிரைவர் என்பது டச்பேடை இயக்கும் மென்பொருள். அவ்வாறே போட்டும் கொடுத்தார்கள். அவர்களுடைய மேசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது, வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். செட்டிங்ஸில் டச்பேடின் உணர்திறனைக் குறைத்துப் பார்த்தேன். பிறகு விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தபோது, அதிலும் கர்சர் அதேபோலத் துள்ளியது. இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே கோளாறு தெரிந்த பிறகு டிரைவரைக் குற்றம் சொல்ல இடமில்லை.

துப்புக் கிடைத்தது ஒரு மின்வெட்டின்போதுதான். கரண்ட் போன மறுகணமே டச்பேட் சொன்னபடி கேட்டது. கரண்ட் வந்ததும் மீண்டும் தடுமாறியது. சார்ஜரைக் கழற்றியும் மாட்டியும் பார்த்து அதை உறுதி செய்துகொண்டேன். சார்ஜ் ஆகும்போது லேப்டாப்பின் உலோக மேற்பரப்பை விரல் நுனியால் மெல்லத் தடவினால் ஒருவித அதிர்வு தெரிந்தது; டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது.

டச்பேட் விரலின் அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் நெருங்கும்போது மின்தேக்குத்திறனில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனில், ஏற்படும் மிக நுண்ணிய மாற்றத்தை அளக்கிறது. மூன்று முள் சார்ஜருக்குள், மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்திவிடுவதற்கென்றே சிறு கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும்; அவற்றின் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும். சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் கிடையாது. கம்ப்யூட்டரின் உடல் முழுவதும் மின்னழுத்தம் ஏறி, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி வரைகூடப் போகும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளுக்கு ஆபத்து வருவது அரிது. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு விரல் இரண்டாகத் தெரியலாம், மூன்றில் ஒன்று காணாமல் போகலாம்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த் துளையிலும் வைத்தார், பல்பு எரியவில்லை. சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால், எர்த் முனையில் ஒயரே இல்லை. அதை நியூட்ரலோடு இணைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த சாக்கெட்டில் செருகிய பொருள்களின் உலோக உடலில் முழு 230 வோல்ட்டும் ஏறிவிடும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது. மெயின் போர்டிலிருந்து தனியாகப் பச்சை ஒயர் இழுத்து மேசையருகே இருந்த சாக்கெட்டில் பொருத்தினார்.

அன்றிலிருந்து மூன்று விரல் அசைவும் இரண்டு விரல் நகர்த்தலும் சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பிசகாமல் நடக்கின்றன. எர்த் இல்லாத இடங்களுக்குப் போகும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வேலை செய்கிறேன். படுக்கையறை சாக்கெட்டுக்கு இன்னும் எர்த் இழுக்கவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.